நாய்க்குட்டியைப் பழக்கும் முறை: கடியும் அசுத்தமும் நிற்க என்ன செய்யலாம்?



பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் தென்னையும் வைத்திருக்கிறவர்கள் பலரும் தோட்டத்திலேயே குடியிருக்கிறீர்கள். அக்கம்பக்கம் வீடு தூரம். ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் முதலில் எழுந்திருப்பது நாய்தான். கட்டுத்தரையில் மாடு, பட்டியில் ஆடு, வாசலில் கோழி என்று எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். எனவே கறவை மாட்டைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுவதுபோல, நாய்க்குட்டி வளர்ப்பைப் பற்றியும் நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

புதுக் குட்டியைக் கொண்டுவந்த அன்று வீடே கொண்டாடும். பத்து நாள் போனால் இரண்டு புகார் வரும். "கையைக் காலைக் கடிச்சுப் போடுதுங்க" என்பது ஒன்று. "வீட்டுக்குள்ளயே வெளிக்குப் போயிருதுங்க" என்பது இன்னொன்று. அப்புறம் என்ன நடக்கிறது? விளக்குமாற்றால் இரண்டு அடி விழும். அதற்கும் கேட்கவில்லை என்றால் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிடுவோம். அதற்கும் சரிப்படவில்லை என்றால் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் ஊர் எல்லையிலோ வாய்க்கால் மேட்டிலோ விட்டுவிட்டு வருவோம்.

அப்படி விட்ட குட்டி எங்கே போகும்? செத்தது போக மிஞ்சியது தெருநாய்க் கூட்டத்தோடு சேரும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கங்களில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டம் நடத்தியதும் உங்களுக்குத் தெரியும். அந்த நாய்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. வேண்டாம் என்று யாரோ விட்ட குட்டிகளும், அவற்றின் வழி வந்த குட்டிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆகவே குட்டியைப் பழக்குவது பொழுதுபோக்கு வேலை என்று நினைக்க வேண்டாம். உங்கள் பட்டியும் பக்கத்துத் தோட்டத்துப் பட்டியும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

இதில் ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். குட்டி கடிப்பதும் அசுத்தம் செய்வதும் திமிர் அல்ல, தெரியாமை. 'இதைச் செய்யாதே' என்று அடித்தால் அதற்குப் பயம் மட்டும்தான் வரும். 'இதைக் கடி, இங்கே போ' என்று காட்டினால் புத்தி வரும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வாலை நிமிர்த்த வேண்டாம், பழக்கத்தைத் திருத்தினால் போதும்.

எந்த வயதில் கொண்டு வருவது?

கண் திறந்து, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த உடனே, ஒரு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இது தவறு. குட்டி எட்டு வாரம் வரையாவது தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. குட்டிகள் ஒன்றை ஒன்று கடித்து விளையாடும். ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது 'வீல்' என்று கத்தி, விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது காம்பைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். 'பல் அழுந்தினால் விளையாட்டும் போச்சு, பாலும் போச்சு' என்ற முதல் பாடத்தை அது அங்கேதான் படிக்கிறது. சீக்கிரமே பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. பிறகு நாம்தான் தாயாக இருந்து அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம்தான், மனிதர்களோடும் மற்றவைகளோடும் குட்டி ஒட்டிப் பழகும் காலம் என்று கண்டார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் சொல்வதும் இதைத்தான். நாயின் கணக்கில் அந்த ஐந்து வயது என்பது முதல் மூன்று நாலு மாதங்கள். நாட்டு நாயோ, சிப்பிப்பாறையோ, ராஜபாளையமோ, எந்த இனமானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

குட்டி ஏன் கடிக்கிறது?

குட்டிக்குக் கை கிடையாது. கைக்குழந்தை எதையும் எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பது போல, குட்டி எதையும் வாயால்தான் தெரிந்துகொள்கிறது. முதலில் அதற்கு 28 பால் பற்கள் முளைக்கும். அவை ஊசி போல இருக்கும். நாலாவது மாதம் முதல் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். பல் மாறும் அந்தக் காலத்தில் ஈறு ஊறும். எதையாவது கடித்தால்தான் அதற்கு ஆறுதல். அப்போதுதான் செருப்பு போகிறது, வாழைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் போகிறது, கயிற்றுக் கட்டில் போகிறது.

இது தவிர வேறு காரணங்களும் உண்டு. பசித்தால் கடிக்கும். தூக்கம் கெட்டாலும் கடிக்கும். சிறு குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேலும் தூங்க வேண்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பொழுது சாய்கிற வரைக்கும் அதைத் தூங்க விடாமல் விளையாடினால், அதற்கு வெறி பிடித்தாற்போல ஆகி, ஓடி ஓடிக் கடிக்கும். "சாயங்காலமானா பேய் பிடிச்ச மாதிரி ஆயிருதுங்க" என்கிறார்களே, பல வீடுகளில் அந்தப் பேய் தூக்கமின்மைதான். இருட்டான, குளிர்ச்சியான மூலையில் சாக்கு விரித்துப் படுக்க விட்டால் பத்து நிமிடத்தில் தூங்கிப்போகும்.

கடியை நிறுத்தும் முறை

முதலாவது, கையையும் காலையும் விளையாட்டுப் பொருளாகக் காட்டாதீர்கள். விரலை ஆட்டி ஆட்டி, "கடி பார்க்கலாம்" என்று விளையாடுவது பெரியவர்களே செய்கிற வேலை. இரண்டு கிலோ குட்டியாக இருக்கும்போது அது வேடிக்கை. பதினைந்து கிலோ நாயான பிறகு அதே விளையாட்டை உங்கள் பேரப்பிள்ளையிடம் காட்டும்.

இரண்டாவது, பல் பட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். குட்டி கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் ஓடுகிற எலியைப் பிடிப்பது போல இன்னும் அழுத்திப் பிடிக்கும். ஒரு தடவை "ஆ" என்று சொல்லிவிட்டு, கையை அசைக்காமல் வைத்திருந்து, அது விட்டதும் எழுந்து திரும்பிக்கொள்ளுங்கள். பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. அரை நிமிடம் போதும். பிறகு மறுபடி விளையாடலாம். கடித்தால் மறுபடியும் இதே வழிதான். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படிச் செய்ய வேண்டி வரும். சலிக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் பல் அழுந்துவது குறைவது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, கடிக்க ஒரு பொருள் கொடுங்கள். பழைய வேட்டித் துணியை இறுக்கமாக முறுக்கி, நாலு முடிச்சுப் போட்டு, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் ஈறுக்குக் குளிர்ச்சி. அது கையைத் தேடி வரும்போது முடிச்சுத் துணியை வாயருகே காட்டுங்கள். அதைக் கடித்தால் தட்டிக் கொடுத்துப் பாராட்டுங்கள். நூல் நூலாகப் பிரிந்துவிட்டால், விழுங்கிவிடாதபடி வாங்கிக்கொண்டு வேறு துணி கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுக்க வேண்டாம். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வெந்த கோழி எலும்பும் கூடாது. அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

நாலாவது, கடிக்கக் கூடாததை எட்டாமல் வையுங்கள். பூச்சிமருந்து டப்பா, குருணை மருந்து, எலி மருந்து, உர மூட்டை, மோட்டார் ரூம் ஒயர் இவை அத்தனையும் பல் முளைக்கிற குட்டிக்கு எமன். மருந்து அடித்த பிறகு காலி டப்பாவை வரப்பில் போட்டுவிட்டு வரும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கும் ஒரு பாடம். குட்டி துரத்திக் கடிக்க வந்தால் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடினால் அதற்கு வேட்டை ஞாபகம் வந்துவிடும். "மரம் மாதிரி நில்லு கண்ணு, கையைக் கட்டிக்கோ" என்று சொல்லிக் கொடுங்கள். அசையாத மரத்தோடு எவ்வளவு நேரம் விளையாடும்? விட்டுவிடும். சோறு தின்கிற குட்டியையும் தூங்குகிற குட்டியையும் தொடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். சின்னக் குழந்தையையும் குட்டியையும் தனியாக ஒரே இடத்தில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அடிச்சு வளர்த்தாத்தானுங்க ரோசமா இருக்கும், கட்டியே போட்டாத்தான் காவல் காக்கும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அடி வாங்கி வளர்ந்த நாய் கையைக் கண்டாலே மிரளும். மிரண்ட நாய் திருடனைக் கடிக்கும் முன்னே, பால்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். காவல் என்பது அந்நியரைக் கண்டு குரைப்பது. அது வளர வளர நாய்க்குத் தானாகவே வரும். வீட்டுக்கு வருகிறவர் யார், அந்நியர் யார் என்று பிரித்துப் பார்க்கிற தெளிவு மட்டும், பயமில்லாமல் வளர்ந்த நாய்க்குத்தான் வரும்.

கோழியும் ஆட்டுக்குட்டியும்

வேலூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நல்ல நாட்டுக்கோழியாகப் பார்த்து வாங்கி வந்து வாசலில் விட்டிருப்பீர்கள். குட்டி ஒரு நாள் அதைத் துரத்தும். இறகு பறக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் ஆபத்து. துரத்துவதில் ருசி கண்ட நாயைத் திருப்புவது கஷ்டம்.

முதல் சில வாரங்கள் கோழிகள் மேயும்போது குட்டியை நீளமான, இலேசான கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், உடனே கையில் இருக்கிற வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். பாயப் போனால் கயிறு தடுக்கும், நீங்கள் அதைக் கூப்பிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துவிடுங்கள். ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் இதே முறைதான். குஞ்சுகளைக் கொடாப்பில் அடைத்து வைத்து, குட்டி அவற்றை வெளியிலிருந்து பார்த்துப் பழகுவதும் நல்ல வழி. நாலு மாதத்துக்குள் கோழியும் ஆடும் தன் வீட்டைச் சேர்ந்தவை என்று பழகிய நாய், பின்னாளில் பட்டிக்குள் பாய்வது அபூர்வம்.

வீட்டுக்குள் அசுத்தம் ஏன்?

இப்போது இரண்டாவது புகாருக்கு வருவோம். நாய் பிறவியிலேயே சுத்தம் பார்க்கிற பிராணி. மூன்று வாரக் குட்டியே படுத்த இடத்தை விட்டு நகர்ந்து போய்த்தான் மூத்திரம் பெய்யும். படுக்கிற இடத்தையும் தின்கிற இடத்தையும் கெடுத்துக்கொள்ள அதற்குப் பிடிக்காது. நம்முடைய வேலை, அந்தக் குணத்தை வாசலைத் தாண்டி வெளியே கொண்டுபோவது மட்டுமே.

ஆனால் குட்டியின் மூத்திரப்பை சிறியது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மூன்று மாதத்தில் மூன்று மணி நேரம், நாலு மாதத்தில் நாலு மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடக்க முடியாத வயதில் அடிப்பது, கைக்குழந்தை தொட்டிலை நனைத்ததற்கு அடிப்பது போலத்தான்.

குட்டியை எந்த நேரமும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டுகிற வழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது. படுக்கையும் தட்டும் மலமும் அந்த இரண்டு முழத்துக்குள்ளேயே என்றால், பிறவிச் சுத்தம் போய்விடும். அசுத்தத்திலேயே படுக்கப் பழகிய குட்டியை மறுபடி திருத்துவதற்கு இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும்.

வெளிக்குப் போகப் பழக்கும் முறை

முதலில் ஓர் இடம் முடிவு செய்யுங்கள். மண் தரையாக, வீட்டிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, பிள்ளைகள் விளையாடாத மூலையாக இருக்கட்டும். கொடிக்காலுக்குள்ளும் கீரைப் பாத்திக்குள்ளும் வேண்டாம். கிணற்றடியும் வேண்டாம். தினமும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தன் பழைய வாடை இருக்கிற இடத்தில் குட்டி சீக்கிரம் உட்காரும்.

எப்போது கொண்டுபோவது? தூங்கி எழுந்த உடனே. தின்று முடித்துப் பதினைந்து இருபது நிமிடத்துக்குள். விளையாடி முடித்ததும். ராத்திரி படுக்கும் முன். இதற்கு நடுவே பகலில் இரண்டு மணிக்கு ஒரு முறை. பண்ணைக் குடும்பத்துக்கு இது பெரிய சுமை அல்ல. காலையில் பால் கறக்கப் போகும்போது ஒன்று, நாஷ்டாவுக்குப் பிறகு ஒன்று, தண்ணீர் கட்டப் போகும்போது ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மாட்டுக்குத் தீனி போடும்போது ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று, படுக்கும்போது ஒன்று. செய்கிற வேலையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. யார் கொண்டுபோவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'அவன் பார்த்துக்குவான், இவன் பார்த்துக்குவான்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடக் கூடாது. கூடவே நிற்க வேண்டும். குட்டி தரையை மோந்து சுற்றும்போது ஏதாவது ஒரு வார்த்தை, "போ சாமி, போ" என்று, தினமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். முடித்த அந்தக் கணமே தடவிக் கொடுத்து, ஒரு வாய் தின்னக் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் பலனில்லை. எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. சில வாரத்தில் அந்த வார்த்தையைக் கேட்டாலே உட்காரும். மழைக் காலத்திலும் அவசர நேரத்திலும் இது பெரிய உதவி.

வீட்டுக்குள் குட்டி திடீரென்று விளையாட்டை விட்டு, தரையை மோந்து, வட்டம் போட்டால் அதுதான் அறிகுறி. சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். பாதியில் பார்த்துவிட்டாலும் இதே வழிதான். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மூக்கைக் கொண்டுபோய் அதிலே தேய்க்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதனால் குட்டி என்ன படிக்கிறது தெரியுமா? 'இவர்கள் கண்ணில் பட்டால் வம்பு, ஒளிந்து போக வேண்டும்' என்று படிக்கிறது. பிறகு கட்டிலுக்கு அடியிலும் நெல் மூட்டை மறைவிலும் போய்விட்டு வரும். நீங்கள் வெளியே கொண்டுபோனாலும் உங்கள் எதிரில் உட்காராது.

அசுத்தம் செய்த இடத்தைச் சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினால் நமக்கு வாடை போய்விடும், அதன் மூக்குக்குப் போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் வாடை மட்டுப்படும். பினாயில் போட்டால் நன்றாகக் காயும்வரை குட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள். அது காலை நக்கும், பினாயில் வயிற்றுக்குள் போகும்.

ராத்திரியில், படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சத்தம் கேட்கிற தூரத்தில் படுக்க வையுங்கள். நடுச்சாமத்தில் முனகினால் அது அநேகமாக அடம் அல்ல, அவசரம். எழுந்து கொண்டுபோய்விட்டு, விளையாடாமல் திரும்பப் படுக்க வையுங்கள். நாலு மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் விடியும்வரை தாங்கும்.

சில குட்டிகள், நீங்கள் வெளியே போய்விட்டு வந்து குனிந்து தொட்டதும் மூத்திரம் விட்டுவிடும். அது பயத்தாலும் பணிவாலும் வருவது. அதட்டினால் அதிகமாகும். கண்டுகொள்ளாமல் வந்து, உட்கார்ந்து, மெதுவாகக் கூப்பிட்டால் நாளடைவில் நின்றுபோகும்.

தீனியும் பூச்சி மருந்தும்

வேளை தவறாமல் தின்கிற குட்டி, வேளை தவறாமல் வெளிக்குப் போகும். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, பிறகு மூன்று வேளை என்று நேரம் வைத்துக் கொடுங்கள். குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், இவற்றோடு வேகவைத்த முட்டை சேர்த்தால் நல்ல தீனி. நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. மீதமான குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். காரம் வயிற்றைக் கெடுக்கும். வெங்காயம் நாயின் ரத்தத்தையே கெடுக்கும். மாட்டுப் பால் அதிகம் கொடுத்தால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் வரும். கழிச்சல் உள்ள குட்டியை எந்த வாத்தியாராலும் பழக்க முடியாது.

வயிற்றில் பூச்சி இல்லாத குட்டியே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். தாய் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப் புழு வந்துவிடுகிறது. கொண்டுவந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுப்பது வழக்கம். அளவை, குட்டியின் எடை பார்த்து டாக்டர் சொல்வார். இந்தப் புழு முட்டைகள் மண்ணில் கிடந்து பிள்ளைகள் கை வழியே வயிற்றுக்குப் போகும். கொக்கிப் புழு, செருப்பில்லாத காலில் தோல் வழியே ஏறும். மலத்தை உடனுக்குடன் மண்வெட்டியால் அள்ளிக் குழியில் மூடச் சொல்வது இதற்காகத்தான்.

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி மூத்திரம் போனாலோ, ரத்தம் கலந்து கழிந்தாலோ, தின்னாமல் சுருண்டு படுத்தாலோ அது பழக்கக் கேடு அல்ல, நோய். பார்வோ என்னும் ரத்தக் கழிச்சல் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அதற்கான தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். பக்கத்து மருந்தகத்தில் வசதி போதவில்லை என்றால் நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

பல் பட்டால் பொறுத்திருக்கக் கூடாது

இதுவரை பொறுமையைப் பற்றியே சொன்னோம். இனிச் சொல்வதில் பொறுமையே கூடாது.

"சின்னக் குட்டிதானுங்களே, விளையாட்டாத்தானுங்களே கடிச்சுது" என்று விட்டுவிடுகிறார்கள். வெறிநாய்க்கடி நோய் குட்டிக்கும் வரும். வெறிநாய் கடித்த குட்டியும் அந்த நோயைக் கொடுக்கும். அதன் எச்சிலில் உள்ள கிருமி, சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். நரம்பு வழியே மெதுவாக மூளைக்குப் போய்ச் சேர வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகலாம். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்றே சொல்ல வேண்டும். அறிகுறி வரும் முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் ஊசி போட வைத்தார். பையன் பிழைத்தான். நம் குன்னூரில் 1907இல் ஏற்பட்ட பாஸ்டர் நிலையம் இந்த நோய்க்காகத் தொடங்கியதுதான்.

நாயின் பல் தோலில் பட்டு, கீறலோ காயமோ ஆனால் உடனே குழாயடிக்கோ பம்ப் செட்டுக்கோ போய், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், நமக்கு ஐந்து நிமிடமே பதினைந்து போலத் தோன்றும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்கக் கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஊசி இலவசம்.

"தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்களே" என்று இன்றும் பயப்படுகிறவர்கள் உண்டு. அது பழைய மருந்து. நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. இப்போது கையில் தோலுக்குள் போடுகிற சிறிய ஊசிதான். முதல் நாள், பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று போடுகிறார்கள். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் போடுவார்கள். நடுவிலே நிறுத்தக் கூடாது. 'நாய் நல்லாத்தானே இருக்குது, பத்து நாள் பார்த்துட்டுப் போகலாம்' என்று தள்ளிப்போடவும் கூடாது. ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைக் கவனியுங்கள்.

பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். அடி விழும் என்ற பயத்தில் நாய் கடித்ததை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. "குட்டி கடிச்சா உடனே வந்து சொல்லு, திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். டாக்டர் சொல்கிற நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் போட்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குட்டி போட வேண்டாம் என்றால் பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிற பாவமும் மிச்சம், பட்டியும் பத்திரம்.

பெருமக்களே, ஒரு கறவை மாட்டைப் பழக்க எவ்வளவு பாடுபடுகிறோம்! முதல் ஈற்றுக் கிடேரி உதைத்தால் விற்றா விடுகிறோம்? தடவிக் கொடுத்து, தவிடு காட்டி, நாளாவட்டத்தில் கறக்கப் பழக்குகிறோம். அதே பக்குவத்தில் பாதியை நாய்க்குட்டியிடம் காட்டினால் போதும். நாலு மாதம் நீங்கள் அதைக் கவனியுங்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அது உங்கள் வீட்டையும் பட்டியையும் கவனித்துக்கொள்ளும்.